ஞாபகசக்தி டானிக் வாங்குவதற்கு முன்னால்: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பொங்கல் லீவு முடிந்து பரீட்சை நெருங்கும்போது மருந்துக்கடைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். "அண்ணே, பையன் பத்தாவது. உக்காந்தா அஞ்சு நிமிஷம் படிக்க மாட்டேங்கிறான். ஞாபகசக்திக்கு நல்ல டானிக்கா குடுங்க, கெமிக்கல் இல்லாததா." கடைக்காரரும் வல்லாரை சிரப், பிரம்மி மாத்திரை, ஒமேகா-3 கம்மி (மெல்லும் மிட்டாய்) என்று வரிசையாக எடுத்து வைப்பார். எல்லா அட்டையிலும் பச்சை இலையும் ஒரு மூளைப் படமும் இருக்கும்.

அந்தக் கடை வாசலில் முதன்முதலாக நிற்கும் அம்மா அப்பாக்களுக்காக எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பில் ஏதோ ஒரு சத்து குறைந்து, அதை ஈடுகட்டினால் பிள்ளையின் கவனமும் படிப்பும் தேற வாய்ப்பு உண்டு. குறையே இல்லாத பிள்ளைக்கு மேலும் மேலும் ஊற்றினால் மூளை கூர்மையாகும் என்பதற்குச் சான்று மிக மெலிந்தது. அதனால் டானிக்கைத் தேடும் முன் குறையைத் தேடுங்கள். கீழே சொல்லும் வரிசையும் அதற்கேற்றதுதான்.

முதல் வேலை: ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

ஒரு பழைய நோட்டு போதும். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை மணிக்கு எழுந்தான், காலையில் என்ன சாப்பிட்டான், எந்த நேரத்தில், எந்தப் பாடத்தில் கவனம் சிதறுகிறது என்று ஏழு நாள் எழுதுங்கள். பாதிப் பேருக்கு இந்த நோட்டிலேயே விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதின்வயதுக்காரர்களுக்கு 8 முதல் 10 மணி நேரம். இரவு பதினொன்றரை வரை போன், காலை ஐந்தரைக்கு டியூஷன் என்று ஓடும் பிள்ளைக்கு எந்த வல்லாரையும் அந்தத் தூக்கத்தைத் திருப்பித் தராது.

அடுத்தது காலைச் சாப்பாடு. வெறும் வயிற்றோடு வந்தால், ஏற்கெனவே சத்துக் குறைவாக உள்ள குழந்தைகளின் சிந்தனைத் திறன்தான் அதிகம் தடுமாறுகிறது என்று ஜமைக்காவில் 1980களில் நடந்த ஆய்வுகள் காட்டின. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை இந்தக் கோணத்தில் பார்த்தால் அதன் அருமை புரியும். பள்ளியில் அது இருந்தால் பிள்ளையைச் சாப்பிட வையுங்கள். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகிறவன் என்றால் இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் போதும்.

பிறகு கண்ணும் காதும். கரும்பலகையில் இருப்பதைப் பார்க்காமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுகிறானா? டிவிக்கு அருகில் போய் உட்காருகிறானா? இரண்டு முறை கூப்பிட்டால்தான் திரும்புகிறானா? இதெல்லாம் "கவனக்குறைவு" என்ற பெயரில் வருடக்கணக்கில் ஒளிந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது: ரத்தத்தைப் பாருங்கள், முக்கியமாக இரும்பு

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57 சதவீதம். இது சின்னக் குழந்தைகளின் கணக்குதான், ஆனாலும் டானிக் கேட்டு வரும் வீடுகள் பலவற்றில் உண்மையிலேயே ஒரு குறை இருக்கலாம். அட்டைப் பெட்டியில் இருப்பது அந்தக் குறைக்கான மருந்தாக இருப்பதில்லை, அவ்வளவுதான்.

இரும்புச்சத்து ரத்தத்துக்கு மட்டும் உரியதல்ல. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் உருவாகவும், நரம்பிழைகளைச் சுற்றி உறை வளரவும் இரும்பு தேவை. அது குறைந்த பிள்ளை சோர்ந்திருக்கும், எரிந்து விழும், எதிலும் மனம் நிலைக்காது. சில பிள்ளைகள் மண், சாக்பீஸ், பச்சரிசி என்று தின்னும். இது இருந்தால் சந்தேகத்தை இன்னும் பலமாக்கிக்கொள்ளுங்கள்.

ஹீமோகுளோபின் அளவு உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2 முதல் 5 வயதுக்குள் 11 கிராமுக்கும், 5 முதல் 11 வயதில் 11.5-க்கும், 12 முதல் 14 வயதில் 12-க்கும் குறையக் கூடாது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பின் இரும்புக் கையிருப்பு காலியாக இருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. 5 வயதுக்கு மேல் 15-க்குக் கீழே போனால் கையிருப்பு இல்லை என்று பொருள். காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். ஆகவே உடம்பு தேறியபின் எடுங்கள்.

கையிருப்பு மட்டும் காலியாக இருப்பது படிப்பைப் பாதிக்குமா? அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்து 1996-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைத்தான் கேட்டது. ரத்தசோகை இல்லாத, ஆனால் இரும்பு குறைந்த பள்ளி மாணவிகள். ஒரு பாதிக்கு இரும்பு மாத்திரை, மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை, எட்டு வாரம். சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் சோதனையில் இரும்பு எடுத்தவர்கள் தேறினார்கள். கவனத்தை அளந்த சோதனைகளில் வித்தியாசம் இல்லை. முடிவு இப்படி அரைகுறையாக இருந்தாலும், எந்த ஞாபகசக்தி சிரப்பின் விளம்பரத்தைவிடவும் இது எனக்கு நம்பகமானது.

ஒரு எச்சரிக்கை. ஹீமோகுளோபின் குறைவு என்றதும் நீங்களாக இரும்பு சிரப் வாங்காதீர்கள். தலசீமியா (பரம்பரை ரத்த நோய்) மரபணு சுமக்கும் பிள்ளைக்கும் ஹீமோகுளோபின் குறைவாகத்தான் காட்டும். அதற்கு இரும்பு தீர்வல்ல. அளவை எடைக்கேற்ப மருத்துவர் எழுதட்டும். கொடுக்கத் தொடங்கினால் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். சிரப் பல்லில் கறை போடும், உறிஞ்சுகுழல் வைத்துக் கொடுத்து வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பாலோடும் டீயோடும் கொடுத்தால் பாதி வீண். புட்டியைப் பூட்டி வையுங்கள். சின்னக் குழந்தை இனிப்பு என்று நினைத்து இரும்பு மாத்திரைகளை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பள்ளியிலேயே கிடைப்பதை விட்டுவிடாதீர்கள். 5 முதல் 9 வயதுக்கு வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை (45 மில்லிகிராம் இரும்பு), 10 முதல் 19 வயதுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை (60 மில்லிகிராம்). கூடவே ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை. வயிற்றில் பூச்சி இருக்கும்வரை இரும்பு ஊற்றி என்ன பயன்? வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியதால் ஜன்னல் வழியாக வெளியே எறியும் பிள்ளைகள் நிறைய. சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது: அடுக்களை

வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு நன்றாக வரும் என்று நம் வீடுகளில் சொல்லாதவர் இல்லை. வெண்டைக்காய் நல்ல காய்தான், நார்ச்சத்து உண்டு, ஃபோலேட் உண்டு. கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பதும் அப்படியே. அதில் இரும்பு மிகச் சொற்பம்.

இரும்புக்கு முதலிடம் ஆட்டு ஈரல், சுவரொட்டி. அசைவம் சாப்பிடும் வீடாக இருந்தால் வாரம் ஒரு முறை ஈரல் போதும், அதற்கு மேல் வேண்டாம். வைட்டமின் ஏ அதில் அளவுக்கு மீறி இருக்கிறது. சைவத்தில் கம்பு, முருங்கைக்கீரை, பருப்பு, எள், கொண்டைக்கடலை. இவற்றிலுள்ள இரும்பு உடம்பில் எளிதில் ஒட்டாது, துணைக்கு வைட்டமின் சி வேண்டும். கீரைப் பொரியல் வைக்கும் அன்று எலுமிச்சைச் சாதம் கட்டுங்கள், அல்லது அரை நெல்லிக்காய் கடிக்கக் கொடுங்கள். சாப்பிட்ட கையோடு பிள்ளைகளுக்கு டீ, காபி கொடுக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். இது காசு செலவில்லாத மாற்றம்.

உப்பைக் கவனியுங்கள். அயோடின் இல்லாமல் தைராய்டு சரியாக ஓடாது. தைராய்டு சரியில்லாவிட்டால் மூளை மந்தமாகும். ஒரு பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 120 மைக்ரோகிராம் போதும், அது அயோடின் கலந்த உப்பிலேயே கிடைத்துவிடும். ஆனால் "இயற்கை" என்ற மோகத்தில் பல வீடுகள் இந்துப்புக்கும் சாக்குக் கல்லுப்புக்கும் மாறிவிட்டன. பொட்டலத்தில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கல்லுப்புதான் வேண்டுமென்றால் அதிலும் அயோடின் கலந்தது கிடைக்கிறது. திறந்த ஜாடியில் வைக்காதீர்கள், இறுக மூடுங்கள்.

பி12 செடி கொடிகளில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் உண்டு. பால்கூடத் தொடாத தீவிர சைவ வீட்டுப் பிள்ளைக்கு பி12 மருந்தாகவே தேவைப்படும். ஸ்பைருலினாவில் பி12 இருப்பதாக எழுதியிருந்தால் நம்பாதீர்கள், அதில் இருப்பது பெரும்பாலும் உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம்.

பாலில் கலக்கும் பொடிகளைப் பற்றி ஒரு வரி: 2024 ஏப்ரலில் இந்திய வணிக அமைச்சகம் இவற்றை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் வைத்து விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. ஏன் என்பது டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை அளவைப் படித்தாலே தெரியும்.

நான்காவது: மீன் எண்ணெய்

சந்தையில் அதிகம் விற்பதும், ஓரளவு ஆய்வு நடந்திருப்பதும் இதில்தான். 2012-ல் வெளிவந்த ஆய்வில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் வாசிப்பில் பின்தங்கிய 7 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்கு தினமும் 600 மில்லிகிராம் டி.எச்.ஏ. (ஒமேகா-3 கொழுப்பில் ஒரு வகை) 16 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பலன் இல்லை, மிகவும் பின்தங்கியவர்களிடம் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. அது உண்மைதானா என்று சோதிக்க அதே குழு மறுபடி நடத்திய ஆய்வு 2018-ல் வந்தது. இந்த முறை அந்தக் கொஞ்சமும் தெரியவில்லை. விளம்பரங்கள் முதல் ஆய்வோடு நின்றுவிடுகின்றன. ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறலும் துறுதுறுப்பும் மிகுந்த குறைபாடு) உள்ள பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டுத் தொகுப்பு சிறு பலன் உண்டு என்றது, அதுவும் வழக்கமான மருந்துகளின் பலனைவிட மிகக் குறைவு.

வாங்கித்தான் தீருவேன் என்றால் ஒரு கணக்குப் போடுங்கள். முன்பக்கம் "1000 மில்லிகிராம் மீன் எண்ணெய்" என்று பெரிதாக இருக்கும். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஈ.பி.ஏ. (இன்னொரு வகை ஒமேகா-3) 180, டி.எச்.ஏ. 120 என்று இருக்கும். சாதாரண மாத்திரைகளில் பெரும்பாலும் இதுதான் அளவு. ஆக்ஸ்ஃபோர்டு அளவை எட்ட ஒரு நாளைக்கு ஐந்து மாத்திரை விழுங்க வேண்டும். கரடி வடிவக் கம்மிகளில் இதைவிடவும் குறைவு. இன்னொன்று, மீன் எண்ணெயும் மீன் ஈரல் எண்ணெயும் வேறு வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ-யும் டி-யும் உண்டு. ஏற்கெனவே மல்டிவைட்டமின் கொடுக்கும் பிள்ளைக்கு அதையும் சேர்த்தால் அளவு எகிறிவிடும்.

இதற்குப் பதில் வாரம் இரண்டு முறை மத்தி, அயிலை, நெத்திலி. மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் இந்தச் சின்ன மீன்களில் ஒமேகா-3 நிறைய, பாதரசம் குறைவு. மூளை வளர்ச்சிக்கு என்று சுறாவைத் தேடி வாங்க வேண்டாம், பெரிய மீன்களில் பாதரசம் சேரும். சைவர்கள் ஆளி விதையைப் பொடித்து இட்லிப்பொடியில் கலக்கலாம், ஆனால் அதிலுள்ள கொழுப்பு உடம்பில் டி.எச்.ஏ. ஆக மாறுவது மிகக் கொஞ்சமே.

ஐந்தாவது: வல்லாரை, நீர்ப்பிரமி, வசம்பு

வல்லாரைத் துவையல் செய்யுங்கள், தடையில்லை. உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் கீரையின் கசப்பு தெரியாது. வாரம் ஒரு நாள் கீரையாகச் சாப்பிடுவது வேறு, அதன் சாரத்தைச் செறிவாக்கிய மாத்திரையை மாதக்கணக்கில் கொடுப்பது வேறு. வல்லாரை மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல்லீரல் வீங்கிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது.

நீர்ப்பிரமிக்குப் பெரியவர்களிடம் ஓரளவு ஆய்வு உண்டு. சுமார் 12 வாரம் தொடர்ந்து எடுத்தவர்களின் நினைவாற்றலில் சின்ன முன்னேற்றம் கண்டார்கள். பிள்ளைகளிடம் ஆய்வுகள் கொஞ்சம். ஆஸ்திரேலியாவில் துறுதுறுப்பும் கவனச் சிதறலும் அதிகமுள்ள 6 முதல் 14 வயதுப் பையன்களிடம் 14 வாரம் சோதித்தார்கள். நடத்தையில் வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தெரியவில்லை. "பிரம்மி" என்று எழுதிய புட்டிக்குள் சில சமயம் வல்லாரை இருக்கும், சில சமயம் நீர்ப்பிரமி இருக்கும். எது என்று தாவரப் பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்: சென்டெல்லா என்றால் வல்லாரை, பகோபா என்றால் நீர்ப்பிரமி.

வசம்பு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. "பேர் சொல்லாதது" என்று பாட்டிமார்கள் சுட்டு உரசி, பேச்சு சீக்கிரம் வரட்டும் என்று பச்சைக் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். இந்திய வசம்பில் பீட்டா-அசரோன் என்ற பொருள் மிக அதிகம். விலங்குகளில் அது புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-லேயே உணவில் வசம்பைத் தடை செய்தது. பாட்டியிடம் சண்டை போட வேண்டாம், வசம்பை வளையலாகக் கையில் கட்டிவிட்டு வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வளையலைக் குழந்தை சப்பத் தொடங்கினால் அதையும் கழற்றிவிடுங்கள்.

சித்த மருந்துதான் வேண்டும் என்றால் பி.எஸ்.எம்.எஸ். (சித்த மருத்துவப் பட்டம்) படித்த மருத்துவரிடம் போங்கள். பல அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. பேர் தெரியாத பொடி மட்டும் வேண்டாம். 2004-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. ஈயம் குழந்தையின் அறிவுத்திறனையே குறைக்கும் விஷம். மூளைக்கென்று வாங்கிய பொடியில் அது இருந்தால் என்ன சொல்வது?

ஆறாவது: புட்டியைத் திருப்பிப் படியுங்கள்

சத்து மாத்திரை என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண். மருந்து விதிகளில் "ஜே" என்றொரு அட்டவணை உண்டு. எந்த மருந்தும் தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாதவை அதில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. மூளைத் திறனைக் கூட்டுவதும் நினைவாற்றலை மேம்படுத்துவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டபின் அட்டைப்படத்து வாசகங்களைப் படித்துப் பாருங்கள், வேறு மாதிரி தெரியும்.

சிரப் என்றால் சாறு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். அடியில் "சர்க்கரைப் பாகு: கியூ.எஸ்." என்று இருந்தால் தேவையான அளவு என்று பொருள், எவ்வளவு என்று சொல்லமாட்டார்கள். நிறமிகளையும் பாருங்கள். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நடந்து 2007-ல் வெளிவந்த ஆய்வில், சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் குழந்தைகளின் துறுதுறுப்பைக் கூட்டியது. 2010 முதல் ஐரோப்பாவில் அந்த நிறங்கள் சேர்ந்த உணவில் "குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம்" என்று அச்சிட வேண்டும். நம் ஊர் லேபிளில் அவை ஐ.என்.எஸ். 102, 104, 110, 122, 124, 129 என்ற எண்களாக ஒளிந்திருக்கும், 211 என்பது பென்சோயேட். கவனம் கூட்டும் சிரப்பிலேயே இவை இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஏழாவது: கொடுப்பதென்றால் இப்படிக் கொடுங்கள்

ஒரு நேரத்தில் ஒன்று. மூன்றைச் சேர்த்துத் தொடங்கினால் எது வேலை செய்தது, எது வயிற்றைக் கலக்கியது என்று தெரியாது. தொடங்கும் தேதியையும் நிறுத்தும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள், மூன்று மாதம் போதும். வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டைத் தினம் ஒன்றாகக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை வலிப்பு மருந்தோ தைராய்டு மருந்தோ சாப்பிடுகிறான் என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் சேர்க்காதீர்கள்.

உங்கள் கண்ணையே முழுக்க நம்பாதீர்கள். 1994-ல் வந்த ஒரு ஆய்வில், மகனுக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று சொல்லப்பட்ட தாய்மார்கள் பிள்ளை அதிகம் துள்ளுகிறான் என்றார்கள். உண்மையில் யாருக்கும் சர்க்கரை கொடுக்கப்படவில்லை. டானிக்கிலும் இதுவே தலைகீழாக நடக்கும், காசு கொடுத்து வாங்கியதால் பையன் தேறிவிட்டதாகத் தோன்றும். அதனால் வகுப்பாசிரியரிடம் டானிக் விஷயத்தைச் சொல்லாமல் மாதம் ஒரு முறை "எப்படி இருக்கான் மிஸ்?" என்று மட்டும் கேளுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது

ஆறு மாதத்துக்கு மேலாக, வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரி கவனச் சிதறல், துறுதுறுப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி வெறித்துப் பார்த்து உறைந்து போவது. நன்றாகப் பேசும் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் திணறுவது. கற்றதைத் திடீரென்று மறப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் டானிக்கில் காலம் கடத்தாதீர்கள். உறைந்து போவது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம், வாசிப்புத் திணறல் டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம், ஏ.டி.எச்.டி.க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

அரசுப் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (தேசிய குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழுவிடமே சொல்லலாம். அவர்கள் மாவட்டத்திலுள்ள டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள், அங்கே காசு கிடையாது. சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. போகும்போது அந்த ஏழு நாள் நோட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், பள்ளி நோட்டுகள் இரண்டு, இதுவரை கொடுத்த எல்லா டானிக் புட்டிகள் இவற்றை ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். பெயரைச் சொன்னால் போதாது, புட்டியையே காட்டுங்கள்.